தரகு லைசன்ஸும் நாலு பலா மரமும்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பேனா பிடிக்கச் சோம்பல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்கள் தேவனூர் நாட்டில் (மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு) இந்தக் கதை தெரியாத ஆளே கிடையாது. ஆடு மாடுகளில் ஒன்றிரண்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஆளாளுக்குக் கூட்டிக் கூட்டிச் சொன்னதில், போன மாதம் ஒருத்தன் என்னிடமே வந்து, நான் மரத்திலிருந்து விழுந்து பல் உடைந்ததாகச் சொல்லிவிட்டுப் போனான். நான் எந்த மரத்திலும் ஏறவில்லை. அந்த ஒரு மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் கொல்லிமலைக்கு இன்னும் ரோடு வரவில்லை. மேலே விளைவது எதுவானாலும் ஆள் தலையில் ஏறித்தான் அடிவாரச் சந்தைக்கு இறங்க வேண்டும். மிளகு, தேன், சாமை, பலாப்பழம் எல்லாவற்றுக்கும் ஒரே வண்டிதான், மனுஷன் கழுத்து. எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. கீழே சித்தப்பா வீட்டில் தங்கி நாலாவது வரைக்கும் படித்தவன். (அஞ்சாவதுல வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துப் போகலீங்க. அவரு அடிச்சாரு, நான் மலையேறிட்டேன்.) நாலாவது படித்த கழுத்தில் மூட்டையை வைக்கலாமா என்பது என்னுடைய வாதம். என்னைப் பெற்ற ஐயனுக்கு அந்த வாதம் விளங்கவே இல்லை.

"ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு பொழப்பைக் காட்டு. இல்லீன்னா ஆடி ஒண்ணாந்தேதி மொளகு மூட்டை. அப்பறம் உம்பட ஆயுசுக்கும் மூட்டைதான், பேச்சுக் கெடையாது" என்றார்.

அப்போது சித்திரை கடைசி.

அடிவாரச் சந்தையில் ரங்கசாமித் தரகர் என்று ஒருத்தர் இருந்தார். நிலம் வாங்குகிறவனையும் விற்கிறவனையும் சேர்த்துவைப்பது தொழில். கையில் குடை, காதில் பென்சில், வாயில் வெற்றிலை. இந்த மூன்றைத் தவிர அவர் வேறு எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. உலகத்தில் இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே போய்க் கேட்டேன்.

"ஏனுங்க, தரகர் ஆவோணும்னா எத்தனை நாளாகுமுங்க?"

அவர் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தார். கழுத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"அதுக்கு லைசன்ஸ் வேணும் கண்ணு."

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? எங்கள் ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் வைத்திருக்கிற துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருக்கிறது. கள்ளுக்கடைக்கு லைசன்ஸ் இருக்கிறது. சுடுகிறதுக்கும் குடிக்கிறதுக்கும் சர்க்கார் காகிதம் கொடுக்கிறபோது பேசுகிறதுக்கு மட்டும் சும்மா விடுமா?

"அது வாரதுக்கு எத்தனை நாளுங்க?"

"எங்கூட ஒரு வருசம் நடக்கோணும்."

"எனக்கு ஆடி வரைக்குந்தானுங்க ஆயுசு."

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "அப்படீன்னா சுருக்கு வழி ஒண்ணு இருக்குது. நீயா ஒரு கிரயத்தை முடி. ஒரே ஒரு நெலம் போதும். முடிச்ச அன்னைக்கே லைசன்ஸ் வாங்கித் தாரேன். அது வரைக்கும் இந்தக் குடையைப் பிடிச்சுட்டு வா."

ஒன்றரை மாதம் பிடித்தேன். (நெழல்ல அவரு, வெயில்ல நானு. இதுவும் படிப்புதானாம்.) மலைக்கு வந்தபோதெல்லாம், எனக்கு லைசன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். என் கூட்டாளி வெள்ளையன் மட்டும், "எந்த ஊரு தாண்டியிருக்குதுடா?" என்று பார்க்கும்போதெல்லாம் விசாரித்தான்.

விற்க ஒரு நிலம் வேண்டுமே. அது தானாகவே வந்தது. எனக்கு மாமன் முறையான சடையப்பன் இருப்பது வாழவந்தி நாட்டில். அவருக்குப் பெண்டாட்டி வழியில் வந்த நிலம் எங்கள் ஊர் ஓரத்தில் கிடக்கிறது. வந்து போவதற்கே பாதி நாள் ஓடிவிடுகிறது என்று அலுத்துப்போய், விற்றுவிட்டு ஒரு ஜோடி எருது வாங்க நினைத்தார். பெரியதனக்காரரிடம் சம்மதம் கேட்டேன். கீழ்நாட்டு ஆள் ஒருத்தர் வாங்கினாலும் வாங்குவார் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அவரு மொதல்ல ஏறி வரட்டும்" என்று உத்தரவு கொடுத்துவிட்டார்.

வாங்குகிற ஆளையும் சந்தையிலேயே பிடித்தேன். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல கனம். பலாப்பழக் கடையில் ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை ஆகாது என்று வீட்டு அம்மாள் பழத்தை உள்ளே விடுவதில்லையாம். ஆகவே சந்தையில் மோந்து பார்ப்பதோடு சரி. இவரைக் கண்டதும் என் உள்ளங்கை அரித்தது.

"ஏனுங்கய்யா, எங்க மலையில ஒரு நெலம் வெலைக்கு இருக்குதுங்க. அதுல நாலு பலா நிக்குது."

பழத்தின் மேலிருந்த கை நின்றது. "நாலா?"

"நாலுங்க. ஒவ்வொண்ணும் அம்பது அறுபது காய்க்குமுங்க."

"வேர்ப்பலா உண்டாப்பா?"

"ஒரு மரத்துல அடியில, மண்ணுக்குள்ளயே பழுத்து வெடிச்சுக் கெடக்குமுங்க. வாசனைய வெச்சுத்தான் தோண்டி எடுப்போம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிமிஷமே கிரயம் முடிந்த மாதிரிதான். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்தோம். நிலத்தைப் பார்த்து, அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டு, மறுநாள் கீழே போய் ரிஜிஸ்தர் செய்வது என்று ஏற்பாடு. குமாஸ்தா ஐயாவுக்கு மலைக் காய்ச்சல் பயம் வேறு. காதில் பஞ்சு, கழுத்தில் மப்ளர், இடுப்பில் சூடம் முடிந்த துணி என்று அடிவாரத்தில் வந்து இறங்கினார். இருபது அடி ஏறியதும் ஒரு பாறையில் உட்கார்ந்து, மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டார். டோலி கட்ட வேண்டியதாகிவிட்டது. நீள மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி ஆளை உள்ளே உட்காரவைத்தால் அதுதான் டோலி. தூக்க நாலு பேர் வேண்டும். சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வெள்ளையனும் இன்னும் இரண்டு பேரும் கிடைத்தார்கள். நாலாவது ஆள் கிடைக்கவில்லை.

வெள்ளையன் என்னைப் பார்த்தான்.

"நான் தரகன்டா" என்றேன்.

"நீ போயி லைசன்ஸ் வந்துருச்சான்னு பாத்துட்டு வா. நாங்க அய்யாவ இப்படியே வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கோம்" என்றான்.

மூட்டை தூக்கக் கூடாது என்றுதான் தரகனாகக் கிளம்பினேன். ஒரு மிளகு மூட்டை இந்தக் குமாஸ்தாவின் ஒரு தொடைக்கு ஈடாகாது. மூட்டைக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு, அது வழியெல்லாம் "பாத்துப்பா, பாத்துப்பா" என்று சொல்லாது.

நிலத்தை அடைந்தபோது எனக்கு இரண்டு கண்ணும் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குமாஸ்தா ஐயா டோலியிலிருந்து இறங்கியதும் ஓடினார். உண்மையாகவே ஓடினார். பெரிய பலாவின் அடிமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தூரில் தொங்கிய ஒரு பழத்தைத் தட்டினார். மப்ளரை அவிழ்த்தார், பஞ்சை எடுத்தார். "இங்க ஒரு நாற்காலி போட்டுக்குவேன்" என்றார். சடையப்ப மாமன் வெற்றிலைத் தட்டோடு தயாராக நின்றார். பெரியதனக்காரரும் வந்துவிட்டார். என் காதில் லைசன்ஸ் காகிதம் சரசரவென்று கேட்டது.

அப்போதுதான் குண்டனி நாட்டுச் சின்னப்பொண்ணு அக்கா, தொரட்டியும் கூடையுமாக வரப்பில் ஏறி வந்தது.

"கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க சாமி. பழம் தலையில விழுந்துரும்."

குமாஸ்தா திரும்பினார். "யாரம்மா நீ?"

"மரத்துக்காரிங்க."

"மரம் இந்த நெலத்துலதானே இருக்குது?"

"பின்ன மரம் எங்கீங்க இருக்கும், ஆகாசத்துலயா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் நிலம் வேறு, மரம் வேறு. பங்கு பிரிக்கும்போது நிலம் ஒருத்தனுக்குப் போகும், அதில் நிற்கிற பலா பெண்பிள்ளைக்குச் சீராக இன்னொரு நாட்டுக்குப் போகும். நிலத்தை யார் விற்றாலும், யார் வாங்கினாலும், மரத்துக்காரர் வந்து பறித்துக்கொண்டு போவார். இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததை யாராவது சொல்வார்களா? தொட்டால் நனையும் என்று சொல்லியா ஆற்றைக் காட்டுகிறோம்?

குமாஸ்தா மெதுவாக இரண்டாவது மரத்தைக் காட்டினார். "இது?"

"அது கோயிலுதுங்க" என்றார் சடையப்ப மாமன், பக்தியோடு.

"அந்த மூணாவது?"

"அண்ணந் தம்பி ரெண்டு பேருதுங்க. ஒரு வருசம் அவன், ஒரு வருசம் இவன்."

"வேர்ப்பலா?" என்று நாலாவதன் அடியைக் காட்டினார்.

பெரியதனக்காரர் அடக்கமாகத் தொண்டையைக் கனைத்தார். "அது நம்மளுதுங்க."

குமாஸ்தா நாலு மரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சடையப்ப மாமனைப் பார்த்துக் கேட்டார், "அப்ப எனக்கு என்னதாய்யா?"

மாமன் நல்ல மனுஷன். யாரையும் வெறும் கையோடு அனுப்ப மனசு வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெழலு பூராவும் உங்களுதுங்க" என்றார்.

"விழுகற எலை?"

"அது ஆட்டுக்காரனுதுங்க."

என் ஆயுசு நழுவுவது எனக்குத் தெரிந்தது. நடுவில் பாய்ந்தேன். "அய்யா, இதுக்கெல்லாம் மனசு விடாதீங்க. புதுசா ஒரு கன்னு நட்டுக்கலாமுங்க. அது முச்சூடும் உங்களுது."

"எப்பக் காய்க்கும்?"

"எட்டே வருசமுங்க."

அவர் வயசை அப்போதுதான் கணக்குப் போட்டேன். அவரும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தரகனுக்கு இப்படி ஆகக் கூடாதாம். ஆனால் எனக்குத்தான் இன்னும் லைசன்ஸ் வரவில்லையே.

சின்னப்பொண்ணு அக்காவுக்கும் பொறுக்கவில்லை. "இதுக்குப் போயி அழுவாங்களா" என்று ஒரு பழத்தை அறுத்துத் தள்ளி, அருவாளில் எண்ணெய் தடவிப் பிளந்து, மூங்கில் குழாயிலிருந்து தேனை ஊற்றி, சுளையை இலையில் வைத்து நீட்டியது. முதல் சுளையைக் குமாஸ்தா வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கினார். பத்தாவதில் முகம் தெளிந்தது. முப்பதுக்கு மேல் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அத்தனையும் கீழே இறங்கும்போது என் தோளில்தான் வரப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கிரயம் நின்றுபோனது. டோலி கிளம்பியது. பாதி வழியில் பலாவும் தேனும் வயிற்றுக்குள் சண்டை போட ஆரம்பித்து, வளைவுக்கு வளைவு நிறுத்தி அவரைப் புதருக்குப் பின்னால் அனுப்பிவைத்தோம். ஒவ்வொரு தடவையும் டோலி கொஞ்சம் லேசானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசி வளைவில் அவர் தெம்பாகிப் பேச்சுக் கொடுத்தார். "ஏம்ப்பா, உனக்கு எதுக்கு இந்தத் தரகு வேலை?"

மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி, ஐயன், லைசன்ஸ், குடை.

டோலிக்குள்ளிருந்து அடக்கின சிரிப்பு ஒன்று கேட்டது. பிறகு கம்பளியே குலுங்க ஆரம்பித்தது. "முப்பது வருஷம் சர்க்கார் காகிதம் பாத்தவன்டா நானு. தரகனுக்கு லைசன்ஸ்னு ஒரு காகிதமே கெடையாது. எவன் வேணும்னாலும் இன்னைக்குக் காலையில எந்திரிச்சு நான் தரகன்னு சொல்லிக்கலாம்."

ஒன்றரை மாதம். வெயிலில். குடை.

மற்ற மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டோலி பாறையில் இடித்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது ஐயன் திட்டவில்லை. நான் சட்டையைக் கழற்றியதும் தோளில் மூங்கில் பதிந்திருந்த தடத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "இத்தனை நல்ல தோளை இவ்வளவு நாளு எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார். ஆடி ஒன்றாம் தேதி என் கழுத்தில் மூட்டை ஏறியது. சடையப்ப மாமன் நிலத்தைப் பங்காளி ஒருத்தருக்கே விற்று எருது வாங்கிவிட்டார். அதில் ஒன்றுக்கு என் பெயரை வைத்திருக்கிறார். எத்தனை பாரமான ஏரையும் இழுக்குமாம். எங்கள் வீட்டில் சோறு எப்போது வேகும் என்று யார் கேட்டாலும் அம்மா சொல்வது ஒன்றேதான்: "லைசன்ஸ் வாரதுக்குள்ள வெந்துரும்."

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. குமாஸ்தா ஐயாவுக்குச் சின்னப்பொண்ணு அக்காவின் பழம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு ஆனியிலும் விருந்தாளியாக வந்துவிடுகிறார், வீட்டு அம்மாளுக்குத் தெரியாமல். நிலம் வாங்கும் பேச்சே இல்லை. டோலிக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: தரகன் தோள் கொடுத்தால்தான் ஏறுவாராம்.

இந்த வருஷமும் தூக்கினோம். ஆள் இன்னும் கனத்திருக்கிறார். செங்குத்தான ஒரு ஏற்றத்தில், எனக்குப் பின்னால் மூங்கில் பிடித்து வந்த வெள்ளையனிடம் மெதுவாகக் கேட்டேன், "ஏண்டா, அன்னைக்கு அந்த ஒரு கிரயம் மட்டும் முடிஞ்சிருந்தா நான் பெரிய தரகனா ஆயிருப்பனா?"

"ஆயிருப்பே, இந்நேரம் உன்னயும் சேத்து உள்ள வெச்சு நாங்க மூணு பேரு தூக்கிட்டிருப்போம்" என்றான் வெள்ளையன்.