கால்நடையால் சேதம்

நான் ஒரு முட்டாள். இதை ஸ்டாம்புக் காகிதத்தில் எழுதி, பிறர் தூண்டுதல் இல்லாமல் மனப்பூர்வமாகக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். சாட்சிக்கு அரூரில் ஆள் பஞ்சம் வராது. பாதி ஊர் நேரில் பார்த்தது.

அந்தக் காலத்தில் நான் அரூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் சாய்வுப் பலகை வைத்துப் பத்திரம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற குடியானவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது கூடவே ஒரு பிரசங்கமும் இலவசம். "மூலப்பத்திரம்ங்கிறது உசுரு மாதிரி. ஆளு போனாலும் வூடு நிக்கும், பத்திரம் போச்சுன்னா வூடு நிக்காது, ஆமா!" அவர்களும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். (இந்தப் பிரசங்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

எங்களுக்கும் ஒரு வீடு இருந்தது. நாட்டு ஓடு போட்ட சின்ன வீடு. என் மனைவி கன்னியம்மாவின் காதுக் கம்மலை விற்று வாங்கியது. பத்திரம் கைக்கு வந்த அன்று அவள் அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். மறுவருஷம் அடித்த காற்றில் ஓடெல்லாம் பறந்தது. ஓடு மாற்றுவதற்காக, புளி மண்டி கரீம் பாயிடம் வீட்டை அடமானம் வைத்தேன். (ஓட்டுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வாங்கினேன். ஒரு சைக்கிள் விலைக்கு வந்தது. பெல் ரொம்ப அழகாக இருந்தது.)

அடமானப் பத்திரத்தை நானே எழுதினேன். கெடு எட்டு வருஷம். மஞ்சள் தடவிய மூலப்பத்திரமும் பாயின் பெட்டிக்குள் போயிற்று. அன்றைக்குக் கன்னியம்மா வெறும் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அந்தக் காயிதம் திரும்ப வூட்டுக்கு வந்தாத்தாங்க எனக்கு நிம்மதியாச் சோறு இறங்கும்."

"எட்டு வருஷம் எதுக்கு? அஞ்சே வருஷத்துல மீட்டுறேன் பாரு. ஆனா ஒண்ணு, கடன் இருக்குதுன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிய மாட்டேன். கடனையும் அடைக்கணும், வாழ்க்கையையும் அனுபவிக்கணும்!"

சொன்னபடியே நடந்தது. வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கடனை அடைக்கிற பாகத்தை அவள் எடுத்துக்கொண்டாள். அனுபவிக்கிற பாகத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

பாயின் மண்டியிலேயே அவள் புளி கொட்டை எடுக்கப் போனாள். கூலியை வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே கடனில் கழிக்கச் சொல்லிவிட்டு வருவாள். என் எழுத்துக் கூலியில் முக்கால் பங்கை, நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் வாங்கிக்கொள்வாள். மீதிக் கால் பங்கில்தான் என் சாம்ராஜ்யம் நடந்தது. காபி கிளப்பில் நெய் தோசை. சைக்கிளில் ஒரு ரவுண்டு. டெண்டு கொட்டகையில் பெஞ்சு டிக்கெட்டு. மாதம் ஒரு தடவை அவளும் சினிமாவுக்கு வருவாள். பெண்கள் பக்கம் தரையில் அவள், ஆண்கள் பக்கம் பெஞ்சில் நான். இடைவேளையில் நடுத்தட்டிக்கு மேலாகக் கையை நீட்டி, அவள் மடியில் வைத்திருக்கும் வறுகடலையை வாங்கிக்கொள்வேன்.

"உக்கார்றது பெஞ்சு, திங்கிறது ஓசிக் கடலையா?" என்பாள். கடலை ருசியாகத்தான் இருக்கும்.

ஐந்தாவது வருஷம் முடியும் முன்பே கடன் தீர்ந்தது. தீர்த்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு விருந்து வைக்கிறேன் என்று கிளம்பியது நான்.

"கடன் அடைச்சதுக்கு எவனாச்சும் விருந்து போடுவானா? காயிதத்தை வாங்கியாந்து பொட்டியில வையுங்க, போதும்," என்றாள் கன்னியம்மா.

"அஞ்சு வருஷத்துல ஒரு நாளாச்சும் அனுபவிக்க வேணாமா?"

"நீங்க எந்த நாளு அனுபவிக்கலே?"

அது என் காதில் விழவில்லை. மளிகைக் கடையில் பாக்கி சொல்லிச் சாமான் வாங்கினேன். (ஆமாம். கடன் தீர்ந்த விருந்தைக் கடனில்தான் வைத்தேன்.) வாசலில் பந்தல், வடை, பாயசம். சக ரைட்டர்கள் எல்லோரும் வந்தார்கள். ரிஜிஸ்தர் அய்யாவே வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். கரீம் பாய் ஜவ்வாது மணக்க வந்து, பச்சை நூலால் கட்டிய ஒரு சுருளை என் கையில் கொடுத்தார். உள்ளே இரண்டு பத்திரங்கள்: அடமானப் பத்திரம் ஒன்று, மூலப்பத்திரம் ஒன்று.

என் திட்டம் இது. எல்லோர் முன்னிலையிலும் அடமானப் பத்திரத்தைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து வீச வேண்டும். (உண்மையில் அதையும் கிழிக்கக் கூடாது. பின்பக்கம் பைசலான விவரத்தை எழுதி வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். இதையும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.) டெண்டு கொட்டகையில் எந்தக் கதாநாயகனும் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்ததில்லை. ஆகவே என்னுடையதைக் கழற்றி ஜிப்பாப் பைக்குள் போட்டேன். இரண்டு ஸ்டாம்புக் காகிதத்திலும் ஒரே ராஜா தலை. ஒன்றை உருவிக்கொண்டு, மற்றதைப் பாயிடம் பிடிக்கக் கொடுத்தேன்.

"எல்லாரும் பாத்துக்குங்க! அஞ்சு வருஷமா என் கழுத்தைப் பிடிச்ச காயிதம் இதுதான்!" என்று இரண்டாகக் கிழித்தேன்.

வாசற்படியிலிருந்து கன்னியம்மா கத்தினாள். "ஏங்க! இருங்க! கிழிக்காதீங்க!"

கடையில் பொட்டலம் கட்டித் தந்த காகிதத்தைக்கூட நீவி மடித்து வைக்கிறவள் அவள். நான் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தேன். "அடுப்புப் பத்த வெக்க வேணுமாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டால் எனக்குக் கை நிற்காது. நாலாக்கினேன், எட்டாக்கினேன், பூ மாதிரி மேலே வீசினேன்.

கன்னியம்மா ஓடிவந்து, சாப்பிட்ட இலைகளுக்கு நடுவில் விழுந்த ஒரு துண்டை எடுத்துத் திருப்பினாள். மூலையில் மஞ்சள். எழுத்தே தெரியாதவள் வாசற்படியிலிருந்து கண்டுபிடித்ததை, எழுதியே பிழைத்தவன் கையில் பிடித்துக்கொண்டும் பார்க்கவில்லை.

பாய் தன் கையிலிருந்த காகிதத்தை மெதுவாகப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்தார்.

"ரைட்டரே, கடன் பத்திரம் முழுசா இருக்குதுங்க. வூடுதான் கிழிஞ்சிடுச்சு."

கன்னியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். ஏழு கிடைத்தது. எட்டாவது, அதற்குள் எடுத்துக் கொட்டிய இலைகளோடு குப்பைமேட்டுக்குப் போயிருந்தது. ஓடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் வடக்கு எல்லையைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.

ஏழு துண்டையும் சோற்றுப் பசை தடவிப் பழைய காலண்டரின் முதுகில் ஒட்டிவிட்டு, அவள் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இப்ப எனக்கு வூடு இருக்குதா, இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க."

மலைக்காரர்களுக்கு நான் செய்த பிரசங்கம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆபீசுல பதிவு இருக்குது. நகல் வாங்கிடலாம்," என்றேன்.

"வாங்கியாந்துட்டுச் சோறு கேளுங்க."

மறுநாள் ஆபீஸ் வாசலில் எனக்கு மனு எழுதித் தர நாலு ரைட்டர்கள் போட்டி போட்டார்கள், அதுவும் கூலி இல்லாமல். நானே எழுதினேன். மூலம் என்னவாயிற்று என்று ஒரு வரி எழுதச் சொல்வது எங்கள் ரிஜிஸ்தர் அய்யாவின் வழக்கம். வெகுநேரம் யோசித்து, 'கால்நடையால் சேதமடைந்தது' என்று எழுதினேன். எட்டில் ஒரு பங்கு உண்மைதானே?

அய்யா படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன கால்நடை?"

"ஆடுங்க."

"எத்தனை கால்?"

"நா... நாலுங்க."

"நான் பந்தியில உக்காந்து பாத்தப்ப ரெண்டு காலுதான்யா இருந்துது. ஜிப்பா வேற போட்டிருந்துது!"

குமாஸ்தாக்கள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்கள். வாசலில் காத்திருந்த குடியானவர்கள்கூட விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள்.

சைக்கிளை விற்றேன். மளிகைப் பாக்கி தீர்ந்தது, மூன்றாம் நாள் நகலும் வந்தது. கன்னியம்மா அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் இலை போட்டாள். அவளும் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள் என்று நினைக்கிறேன். எனக்கு மூன்று நாளும் காபி கிளப் இருந்தது.

அதற்கப்புறம் அரூர்ப் பக்கம் ஆடு கத்தினால், "ரைட்டரே, பத்திரத்தை உள்ள வையுங்க!" என்று யாராவது குரல் கொடுக்காமல் இருந்ததில்லை. வீட்டில் கேட்கவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, கடிதாசி, பிள்ளைகளின் பரீட்சைத் தாள் எது வந்தாலும், முதல் பேச்சு, "அப்பா கைக்கு எட்டாம வையி!"

போன வாரம் இதை எழுத உட்கார்ந்தபோது, ஆடு தின்ற அந்த வடக்கு எல்லை என்னவென்று சரிபார்க்க ஆசை வந்தது. "கன்னியம்மா, அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் குடு. பாத்துட்டுத் தந்துடறேன்," என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்தாள். பத்திரத்தை எடுத்துப் பிரித்தாள். தன் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாருங்க."