கண்ணாடிக்காரர் தைத்த போர்வை

பீரோவிலிருந்து எடுத்து உதறியதுதான் தாமதம், போர்வையின் நடுத்தையல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விட்டுப்போய், உள்ளே இருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது.

கண்ணாடிக்காரர் பதறிப் போனார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். போர்வை அவர் மனைவி துண்டுத் துணிகளை இணைத்துக் கையாலேயே தைத்தது. தைத்து முடித்து ஆசையாகக் காட்டியபோது, "நூலைக் கோத்து இழுக்கறதுல என்ன பெரிய வித்தை?" என்று இவர் வாயைக் கொடுத்தார். மறுநாளே அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவளே முதலில் கூப்பிடட்டும் என்று இவர் வீம்பாக இருந்தார். வீம்பு விஷயத்தில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

மச்சான் வந்து அவளுடைய சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது, போர்வையை மட்டும் இவர் ஒளித்துவிட்டார். ஆனால் ஒரு நாளும் போர்த்திக்கொண்டதில்லை. அவள் மடித்த மடிப்பு கலைந்துவிடுமே. அவ்வப்போது பீரோவைத் திறந்து தொட்டுப் பார்ப்பார், மூடிவிடுவார். அவருடைய இல்லற வாழ்க்கை இப்போது அவ்வளவுதான்.

இன்று அதை எடுக்க வைத்தது மச்சான்தான். காலையில் போனில் சொன்னான். "அக்காவுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு மாமா. ஞாயித்துக்கிழமை கிளம்பறா. ரொம்பக் குளிர் ஊராம்."

"குளிரா? அப்ப அவகிட்ட ஒண்ணு குடுக்கணும். நானே கொண்டு வரேன்."

"எங்கிட்டக் குடுத்தா நான் குடுத்துட மாட்டேனா?"

"மாட்ட."

போர்வை ஒரு சாக்கு. அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். 'இரு' என்று சொல்ல வாய் வந்தால் சொல்லிவிட வேண்டும். அதற்குக் கிழிசலோடு போய் நிற்க முடியுமா? வைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை என்பாள்.

வீட்டில் ஊசி நூல் எதுவும் இல்லை, எல்லாம் மச்சான் வண்டியில் போயாகிவிட்டது. கடையில் நைலான் நரம்பு இருந்தது, பாதி ஃபிரேமில் லென்ஸை இழுத்துக் கட்டும் நரம்பு. யானையைக் கட்டினாலும் அறாது என்று சொல்லிக்கொண்டே, ஃபிரேம் திருகும் குட்டித் திருப்புளியால் ஓட்டை போட்டு இழுத்து இழுத்துத் தைத்தார். நரம்பு அறவில்லை. துணிதான் அறுந்தது. ஒரு தையல் விட்ட இடத்தில் இப்போது மூன்று கட்டங்கள் வாயைப் பிளந்தன.

அடுத்து, ஃபிரேம் ஒட்டும் பசை. காய்ந்ததும் போர்வையின் நடுப்பகுதி அட்டையாக விறைத்துக்கொண்டது. மடித்தால் மடங்க மறுத்தது.

வேறு வழியில்லாமல் பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்.

"யாரு பாத்த வேலை இது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

"அந்தத் தெரிஞ்சவரைத் துணிப்பக்கமே அண்ட விடாதீங்க. வச்சுட்டுப் போங்க, அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரம் அவ இருக்க மாட்டாம்மா."

தையல்காரம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு ஊசியையும் நூல்கண்டையும் எடுத்து நீட்டினார். "கெட்டதை வெட்டிட்டு ஒட்டுத்துணி வைங்க. பொடிப்பொடியா, நெருக்கமா போடணும். அவசரப்படக் கூடாது."

ஒட்டுத்துணிக்கு அவருடைய நீலச் சட்டையை வெட்டினார். அவளுக்குப் பிடித்த சட்டை. கடையைப் பூட்டிக்கொண்டு, உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, போர்வையை மடியில் போட்டுத் தைத்தார். விரலெல்லாம் ஊசிக்குத்து. அவள் இப்படிக் குனிந்துதானே போர்வை முழுவதும் தைத்திருப்பாள் என்று நினைத்தபோது, தான் சொன்ன வார்த்தை அவருக்கே சுருக்கென்று தைத்தது. அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப்போக அவருக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை.

முடித்துவிட்டு எழுந்தார். போர்வையும் கூடவே எழுந்தது. பேன்ட்டோடு சேர்த்துத் தைத்திருந்தார். பிரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் கதவைத் திறந்தார். கூடத்தில் கட்டிவைத்த பெட்டிகள். உள்ளறையில் அவள் நடமாடும் சத்தம் கேட்டது.

"வாங்க மாப்பிள்ளை. என்ன இது?"

"அவ தைச்ச போர்வை, அத்தை. பீரோவுலயே பத்திரமா வச்சிருந்தேன். குளிருக்கு ஆகுமேன்னு இப்பதான் எடுத்தேன். எடுத்ததும் தையல் விட்டுடுச்சு." தைத்த இடத்தை விரித்துக் காட்டினார். "நானே தைச்சேன். கோணலாத்தான் இருக்கு. ஆனா கெட்டி. இனிமே யார் இழுத்தாலும் பிரியாது."

மாமியார் அந்த நீல ஒட்டைத் தடவிப் பார்த்தார். தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பிறகு அப்படியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நாளாவது இதை எடுத்துப் போர்த்தியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை? சீக்கிரமே பிரிஞ்சுடும், தைக்கத் தெரியாம நீங்க கூப்பிடுவீங்கன்னுதானே, அவ நல்ல தையலைப் பிரிச்சுட்டு பேருக்கு நூலோட்டி வச்சுட்டு வந்தா."