நூற்றுக்கு நூற்றேழு வெள்ளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்டுவிட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் குரலை உயர்த்தினால் போதும், உன் வீட்டில் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

விஷயம் நீ எங்கள் சர்க்கரை ஆலைக்கு விற்றாயே, நிறம் அளக்கும் மெஷின், அதைப் பற்றியது. மெஷின் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். லேப்பில் நான் அதைப் பொட்டி என்றுதான் சொல்வது. இருபத்திரண்டு வருஷமாக இந்த லேப் என் பொறுப்பில் இருக்கிறது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதன் வழியே எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று பார்த்து நிறத்தைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே, சர்க்கரை என்ன ஓடியா போய்விடும்? நீ டை கட்டிக்கொண்டு வந்து நின்று, "கரைக்கவே வேணாம் மேடம், கிண்ணத்துல கொட்டி மூடியை மூடுங்க, பத்து செகண்ட்ல நம்பர் வந்துரும்" என்றாய். சொந்த அக்காவை மேடம் என்று கூப்பிட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நீ மாட்டிக் கொடுத்த அன்று அது யோக்கியமாகத்தான் நடந்துகொண்டது. எங்கள் சர்க்கரைக்கு எண்பத்தொன்பது போட்டது, நியாயமான மார்க். நீ படி இறங்கிப் போனாய், மறுநாள் காலை அதன் சுயரூபம் தெரிந்தது. அதே மூட்டை, அதே சர்க்கரை, நூற்றேழு! நூறு என்றால் சுத்த வெள்ளை என்று நீதான் பாடம் நடத்தினாய். தினமும் காலையில் ஒரு சதுர வெள்ளை வில்லையை அதற்குக் காட்டி "இதுதான் வெள்ளை" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும், பிறகு அதை வைத்து மற்றதையெல்லாம் அளக்கும் என்றாய். தினமும் காட்டிச் சொல்லிக்கொடுத்தும் இந்த லட்சணம் என்றால் அது என்ன படிப்பு? அன்றைக்கே சொல்லிவிட்டேன், நான் இதை விரலால்கூடத் தொடமாட்டேன் என்று. வில்லையைக் காட்டுவது, மூடியை மூடுவது எல்லாம் என் உதவியாளர் வேலை. அவர் பத்து வருஷமாக என்னிடம் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவர், என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர்.

மேனேஜரிடம் போய், "நூறுக்கு மேல எப்படி சார் வரும்?" என்று கேட்டேன். எங்கள் மேனேஜர் முதலாளியின் மருமகன். அந்தத் தகுதியைத் தவிர வேறு தகுதி இருப்பதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. அவர், "நம்ம சர்க்கரை அவ்ளோ நல்லா இருக்கு மேடம், நீங்க ஏன் எதையும் குறையாவே பாக்குறீங்க?" என்றார். அதோடு விட்டாரா? கண்ணில் பட்டதையெல்லாம் கிண்ணத்தில் கொட்டிப் பார்க்க ஆரம்பித்தார். கேன்டீன் உப்புக்கு நூற்றுப் பத்து. துணி துவைக்கும் சோப்புத்தூளுக்கு நூற்றுப் பதினைந்து. வாசலில் தீயணைக்க வைத்திருக்கும் வாளி மணலைக்கூட விடவில்லை, அதற்கு அறுபத்திரண்டு வந்ததும் "பரவால்லையே" என்று மணலைப் பாராட்டினார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ்: இந்த மாத இறுதிக்குள் நமது சர்க்கரை சோப்புத்தூளை எட்டிப் பிடிக்க வேண்டும். படித்தவன், பட்டம் வாங்கியவன், தன் பெயர் போட்டு எழுதுகிறான் தம்பி!

எட்டிப் பிடிக்க வழியும் கண்டுபிடித்தார். ஒருநாள் கிண்ணத்தில் இருந்த சர்க்கரை கொஞ்சம் நுணுங்கிப் போயிருந்தது, நம்பர் ஏறிவிட்டது. உடனே என் அறைக்கு ஓடிவந்து, "மேடம், பொடிச்சா இன்னும் வெள்ளையாகுது!" என்றார். எதைப் பொடித்தாலும் வெளுப்பாகத்தான் சார் தெரியும், பச்சை பாட்டிலை மாவாக அரைத்தாலும் வெளுத்துத்தான் போகும், அதனால் சர்க்கரையில் இருக்கும் அழுக்கு எங்கேயும் போகாது, கரைத்தால் தெரிந்துவிடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நீங்க பழைய காலம் மேடம்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் உற்பத்தி முழுவதையும் பொடிக்கச் சொன்னார். அது மூட்டை நிரப்பும் மெஷினின் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டு, எட்டுப் பேர் கம்பை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். நான் தாழ்வாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் பார்த்தேன்.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. இருமல் மருந்து செய்யும் கம்பெனிக்கு இரண்டு லாரி சர்க்கரை போக வேண்டியிருந்தது. நான் என் வழக்கப்படி கரைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஆறிப்போன டீ மாதிரி இருந்தது. கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். "மெஷின் நூத்தி நாலு சொல்லுது, நீங்க யாரு மேடம்?" என்று கேட்டுவிட்டு மேனேஜரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எங்கள் மருந்து மஞ்சளாகிவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் சொல்லி, நாலாம் நாள் இரண்டு லாரியும் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. இப்போது மருமகன் சொல்கிறார், லேப் சொன்ன நம்பரை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாராம். திங்கட்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்கவில்லை என்றால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்று முதலாளி சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம்!

இதற்கெல்லாம் காரணம் யார்? நீ. சின்ன வயதிலிருந்தே நீ தொட்டது எதுவும் உருப்பட்டதில்லை. வாட்டர் ஃபில்டர் விற்றாய், இன்ஷூரன்ஸ் விற்றாய், ஒன்றிலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. இப்போது உன் அக்கா பிழைப்பிலேயே கை வைத்துவிட்டாய். அதனால் இன்று காலை உன் முதலாளிக்கும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். மெஷின் மோசடி, விற்றவருக்கு வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது, இப்படிப்பட்டவரை எப்படி வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். உனக்கு அங்கே வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளை நன்றாகப் படிக்க வை, உன்னைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று அத்தை சொன்னதாகச் சொல். மூத்தவள் வாழ்த்தாமல் முடிக்கக் கூடாது, ஆகவே நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு ஒரு டீ கேட்டேன். மேசையில் கறை படியக் கூடாது என்று உன் அத்தான் டம்ளருக்கு அடியில் ஒரு வெள்ளைச் சதுரத்தை வைத்தார். "இது ஏதுங்க?" என்றேன். "நீதானே கொண்டுவந்த? மெஷின் வந்த அன்னிக்கி. என் தம்பி வித்ததுங்க, இதோட வெள்ளையைப் பாருங்கன்னு அரை மணி நேரம் பேசுனியே" என்றார். திருப்பிப் பார்த்தேன், மெஷினின் நம்பர் பொறித்திருக்கிறது, தினமும் காலையில் காட்ட வேண்டிய அந்த வில்லையேதான். உண்மைதான். நீ டை கட்டி நின்றதையும், எல்லோருக்கும் விளக்கியதையும் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது, கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன். அதன் பிறகு மறந்தே போனேன். உடனே உதவியாளருக்குப் போன் போட்டேன். "மறுநாள் பாத்தா வில்லை வைக்கிற பெட்டி காலியா இருந்துச்சு மேடம். நீங்க சத்தம் போடுவீங்கன்னு பயந்து, பாத்ரூம்ல மிஞ்சின டைல்ஸை அளவா வெட்டி வச்சிட்டேன்" என்று அழுகிறார். பாத்ரூம் டைல்ஸ் பழுப்பு வெள்ளை, எனக்கே தெரியும். தினமும் பழுப்பைக் காட்டி இதுதான் வெள்ளை என்றால் பாவம், அந்த மெஷின் என்ன செய்யும்? நான் ஒருநாள் தொட்டுப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

மேனேஜர் முட்டாள் என்பதில் மாற்றமில்லை. மற்றதெல்லாம் என் தப்பு. உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். உன் முதலாளிக்குப் போட்ட கடிதம் நாளைக் காலை பத்து மணிக்கு அவர் கைக்குப் போய்விடும். நான் முதல் பஸ்ஸில் கிளம்பி, தபால்காரருக்கு முன்னால் அவர் எதிரில் போய் உட்கார்ந்துவிடுவேன். தப்பு என்னுடையது, என் தம்பி விற்றது நல்ல மெஷின் என்று சொல்லப் போகிறேன். இந்த மாதிரி வாக்கியம் எனக்குப் பழக்கமில்லை, பஸ்ஸில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை இன்றே உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் காரணம் ஒன்றுதான். நாளைக் காலை பத்து மணிக்கு நீ ஆபீஸில் இருக்காதே, எங்காவது வெளியே போய்விடு. நீ கேட்டுக்கொண்டு நின்றால் எனக்கு வாய் வராது.