எட்டுப் பிரியா, நாலு பிரியா?

மதுரை, மகால் பகுதி
18.2.2004

சிங்கப்பூரில் க்ஷேமமாக இருக்கும் மைத்துனர் சிரஞ்சீவி விஜய்ஆனந்துக்கு, அத்தான் ஜனகராஜ் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் அக்கா சூடாமணி, மகள் இந்துப்ரியா அனைவரும் சௌக்கியம், எனது வலது ஆள்காட்டி விரல் நீங்கலாக. அந்த விரலுக்கு நீதான் ஜவாப்தாரி.

தன்னுடன் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ப் பையன் பாண்டிராஜைத்தான் கட்டுவேன் என்று இந்து நின்றதும், கூடவே கூடாது என்று நான் நின்றதும், "பையனோட அப்பாவைப் பாத்துட்டாவது கூடாதுன்னு சொல்லுங்க அத்தான்" என்று நீ போனில் சொன்னதும் நினைவிருக்கும். சரி, பார்த்துவிட்டே மறுப்போம் என்று வரச் சொன்னேன். அவர் பெயர் வெள்ளைத்துரை. சொந்தமாகப் படகு வைத்து மீன் பிடிக்கிறவர். வந்தார், பழத்தட்டை வைத்தார், உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவருக்கு என் பட்டு நூல் யாவாரம் தெரியாது, எனக்குக் கடல் தெரியாது, ரெண்டு பேரும் சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டே இருக்கோம், உங்கக்கா கொண்டாந்த காபியக் குடிக்கிற சத்தம் மட்டும் தெருவரைக்கும் கேக்குது. அப்பத்தான் அவரு கண்ணு ஷோகேஸ் மேல போச்சு. தீபாவளிக்கு வந்தப்ப நீ மறந்து வச்சிட்டுப் போன ரெண்டு தூண்டில் நூல் உருளை!

"அண்ணே, பின்னல் நூலு! இங்க யாரு தூண்டி போடுறது?"

நான் மச்சினன்னு சொல்லி முடிக்கல, உருளை அவரு கையில. நூலுன்னு வந்துட்டா நான் சும்மா இருக்க முடியுமா மாப்ள? கடையில நூல் பார்க்கிற லென்ஸை எடுத்துட்டு வந்து பிரிச்சுப் பார்த்தேன். ஒண்ணு நாலு இழை பின்னுன நாலு பிரி, இன்னொண்ணு எட்டுப் பிரி. எட்டுப் பிரி பட்டு மாதிரி வழுவழுன்னு உருண்டையா, பின்னல் அம்புட்டு நெருக்கம். "இதுதான் உசத்தி"ன்னேன். "கடலடிக்கு இது ஆகாதுண்ணே, நாலு பிரிதான்"னாரு. நாற்பது வருசம் நூல் விக்கிறவன்ட்ட ஆகாதுன்னா என்னா அர்த்தம்? வாங்க மாடிக்குன்னு கூட்டிட்டுப் போயி, எட்டுப் பிரியில அம்மிக் குழவியக் கட்டித் தொங்கவிட்டேன். தாங்குச்சு. அந்த ஊசி தண்டி நூலு தாங்குச்சு! நான் சிரிச்சேன். அவரு சிரிக்காம, "கடலுக்கடியில பாறையில்ல இருக்கு, செவத்துல தேய்ங்க"ன்னாரு. கைப்பிடிச் சுவத்துச் செங்கல்ல ரெண்டு இழு இழுத்தேன், பட்டுன்னு அந்து குழவி கீழ போயிருச்சு. பக்கத்து வீட்டு மாயக்காள் தண்ணி லாரிக்கு வச்சிருந்த குடம் ரெண்டு, சல்லி சல்லி. அவ வாயி உனக்குத் தெரியும். நான் மாடியிலயே குனிஞ்சுக்கிட்டேன். அந்த மனுசன் இறங்கிப் போயி, "தாயி, போட்டது நாந்தான், ஏசுறதா இருந்தா என்னிய ஏசு"ன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. அவளும் குறை வைக்கல. மேல வந்தவரு, "எட்டுப் பிரியில ஒவ்வொரு இழையும் மெலிசுண்ணே, அதான் தேஞ்சா தாங்காது. நாலு பிரி இழை தடிமன்"னு விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சாரு.

அப்புறம் என்ன, கடல்லயே பாத்துருவோம்னு மாட்டுத்தாவணியில பஸ் ஏறி மண்டபம் போனேன். நூல் சோதனைக்குத்தான், வேற எதுக்கும் இல்ல. நாலு பிரி நூல் முனையில அவரு ரெண்டு பாகம், அதாவது ரெண்டு ஆள் கைவிரிச்ச நீளத்துக்கு, தங்கூஸ்ங்கிற நைலான் நரம்பு சேத்தாரு, பாறையில உரசுறது அதுதானாம். பின்னல் நூல் வழுக்கிட்டு முடிச்சு நிக்கல. பட்டிழை பிணைக்கிற முடிச்ச நான் போட்டுக் குடுத்தேன், நின்னுச்சு. "எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே"ன்னு பக்கத்துல வந்து உக்காந்துட்டாரு. படகுல வயித்துல இருந்ததெல்லாம் கடலுக்குக் குடுத்தேன், அது தனிக்கதை. ஈயக்குண்டு அடியில தட்டுனது என் விரலுக்குத் தெரியுது மாப்ள! தங்கூஸ்னா ரப்பர் மாதிரி இழுபடும், கடிச்சது தெரியாதாம். இந்தப் பின்னல் நூல் கொஞ்சங்கூட இழுபடாது. திடீர்னு வெடுக்குன்னு ஒரு இழு, நூல் விரலக் கிழிச்சிருச்சு, நான் விடல. அவரு பாஞ்சு வந்து சைக்கிள் டியூப்ப விரல்ல சுத்திவிட்டு, "நீங்களே இழுங்கண்ணே, நான் தொடமாட்டேன்"னு சொல்லிட்டாரு. முழங்கை நீளம் விளமீனு! படகே ஆடுற மாதிரி கத்துனேன். அவரு என்னவிட ஜாஸ்தியா கத்துனாரு. அவங்க வீட்டுல குழம்பு வச்சாங்க. நம்ம வீட்டுல மீன் ஆகாதுல்ல, நான் சாப்பிட்டேனா இல்லையாங்கிறது உங்கக்காவுக்கு அவசியமில்லாத விசயம்.

நிற்க. மனுஷர் நல்லவர் என்பது வேறு, சம்பந்தம் என்பது வேறு. ஜாதி, ஜனம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் யோசித்து, என் முடிவில் மாற்றமில்லை என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இந்துவுக்கு நீயும் எடுத்துச் சொல்லவும். மீனாட்சி சொக்கநாதர் அருளால் உன் குடும்பம் பதினாறும் பெற்று விளங்க வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான் ஜனகராஜ்

பி.கு.: ஒட்டும் முன் உங்கக்கா வாங்கிப் படித்துவிட்டு, "கிழவனுக்கு வீராப்பைப் பாரு, உள்ளதை எழுதுங்க" என்கிறாள். உள்ளது இதுதான்: படகிலேயே கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டேன். வைகாசியில் முகூர்த்தம். தாய்மாமன் நீ இல்லாமல் மாலை எடுக்க முடியாது, இப்பவே லீவு சொல்லி வை. வரும்போது நாலு பிரியில் ரெண்டு உருளை. ஒன்று எனக்கு, ஒன்று சம்பந்திக்கு.