சிறைதான் மருந்து என்று எழுதியவன் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் கோவிந்தன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான், முதுகைத் தவிர, நலம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் முழு நலத்துடன் இருக்க வேண்டுகிறேன்.

தவறு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்ய வைத்தால் போதுமா என்று பங்குனியில் வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். 'கூடவே கூடாது, சிறைதான் மருந்து' என்ற என் கடிதத்தை வெளியிட்டீர்கள். அந்த வாரமே, ஓய்வுபெற்று விவசாயி ஆகிவிட்ட உற்சாகத்தில் என் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், வரப்போரம் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தேன். அது காற்றில் தாவிப் பக்கத்துக் கொல்லைச் செல்லியம்மாளின் கொட்டகையைச் சாம்பலாக்கிவிட்டது. ஊர் கூடியது. போலீசுக்குப் போகலாம் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். ஊர்த் தலைவர் வெற்றிச்செல்வன் தங்கள் இதழை விரித்து, என் கடிதத்தை என் முன்னாலேயே உரக்கப் படித்துவிட்டு, "இன்னாங்க, உங்க மருந்தையே உங்களுக்குக் குடுத்துடலாமா?" என்றார். ஐயா, என் எழுத்துநடை எனக்கே பிடிக்காமல் போனது அன்றுதான்.

செல்லியம்மாள் எழுந்தார். "அண்ணன் ஜெயில்ல குந்திக்கினு இருந்தா என் கொட்டாய் எழுந்துக்குமா? இன்னா நடந்துச்சுன்னு எல்லார் எதிர்லயும் சொல்லட்டும். கொட்டாயைக் கட்டிக் குடுத்துட்டு, இந்த வருசம் என் கொல்லையில களை எடுக்கட்டும்."

தப்பித்தோம் என்று நினைத்தேன். எல்லாம் காற்று செய்த வேலை என்று ஊர் முன்னால் சொன்னேன். கூரை வேய்ந்தேன், முதல் மழையிலேயே ஒழுகியது, மறுபடி வேய்ந்தேன். களையெடுக்கப் போய்ச் சாமையைப் பிடுங்கிவிட்டுப் புல்லைக் காப்பாற்றினேன். "மாமா, நீங்க சும்மா நின்னாலே எங்களுக்குப் பாதி நஷ்டம் தீரும்ங்க" என்று அவர் மகள் ஈஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். செல்லியம்மாள் சிரிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் கூழை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கொட்டாய்ல வித்துச் சாமை இருந்துச்சுண்ணா. எங்க வூட்டுக்காரரு சாகிற வருசம் கதிர் கதிரா பொறுக்கி வெச்சது. வேற வித்து வாங்கி வெதைச்சேன், மொளைக்குது. ஆனா அது இது இல்லியே."

கூழைக் கீழே வைத்துவிட்டு மறுபடி களையெடுக்கப் போனேன். சிறையில் இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஆகவே என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஈடுசெய்வதே நீதி, ஆனால் லேசான தண்டனை என்று யாரும் எண்ண வேண்டாம்.

தங்கள் இதழும் குடும்பமும் தழைக்க வேண்டும்.

பணிவுடன்,
கோவிந்தன்

பி.கு.: அன்று காற்றே அடிக்கவில்லை ஐயா. ஊர் முன்னால் பொய் சொன்னேன். தீ எரிந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்குச் சாப்பிடப் போய், உண்ட களைப்பில் தூங்கிவிட்டேன். செல்லியம்மாளிடம் நேரில் சொல்ல ஆறு மாதமாக வாய் வரவில்லை. ஈஸ்வரி வாரந்தோறும் தங்கள் இதழை அம்மாவுக்குப் படித்துக்காட்டுவாள். எனவே இந்தப் பி.கு.வை மட்டும் அச்சிடுங்கள். மேலே உள்ளதை விட்டுவிடுங்கள்.