போர்வைக்குள் மாவு

அல்சூர், பெங்களூரு
திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

கவியரசன் எழுதுவது. இங்கு நலம், குளிர் நீங்கலாக. உங்கள் முட்டிவலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

என்னை அவசரக்குடுக்கை என்று குடும்பமே சொல்லும். நீங்கள் கொஞ்சம் சத்தமாகச் சொல்வீர்கள். இனி முடியாது. பொறுமையால் ஜெயித்துவிட்டேன்.

சிந்துவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். வீடு ஆஸ்டின் டவுனில். அவள் அப்பா இராஜமாணிக்கம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலமெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் அவசரத்துக்குத் தன் காலால் பிரேக் போட்டவர். நான் வேகமாகப் பேசினால் வீட்டிலும் அவர் கால் தரையை அழுத்துகிறது.

"உங்களுக்கெல்லாம் எதுவா இருந்தாலும் பத்து நிமிஷத்துல வாசலுக்கு வந்துடணும். பொண்ணு அப்படி வராது தம்பி," என்றார், பெண் கேட்டுப் போன என்னிடம்.

பிறகு ஒரு நிபந்தனை. ஞாயிறு காலை என் அறைக்கு வருவார். நானே அரைத்துப் புளிக்கவைத்த மாவில் இட்லி. சரியாக வந்தால் மேற்கொண்டு பேச்சு. இல்லையென்றால் இல்லை.

சனிக்கிழமை காலையிலேயே அரைத்துவிட்டேன். மாலையில் திறந்தேன். அசைவில்லை. மறுபடி திறந்தேன், மூடினேன், திறந்தேன். மார்கழியில் இந்த ஊர் மாவுக்கும் ஸ்வெட்டர் வேண்டும் போலிருக்கிறது, சுடுதண்ணீர் வாளிக்குள் இறக்கினேன், வாளி சாய்ந்தது, அறையெல்லாம் வெள்ளம், கடைசியில் பாத்திரத்தைக் கட்டிலில் வைத்துப் போர்வை போர்த்தித் தலையணை அணைகொடுத்துவிட்டு நான் தரைக்கு வந்தேன். வீட்டுக்காரர் கோவிந்தப்பா தண்ணீர் ஏன் படியிறங்குகிறது என்று பார்க்க வந்தார். கட்டிலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏனப்பா, யாரையும் தங்க வைக்கக்கூடாதுன்னு சொன்னேன் தானே?"

"மாவு சார்."

"நான் பேரு கேக்கல."

போர்வையை விலக்கிக் காட்டினேன். அதைத் திரும்பப் போர்த்திவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிறு. சிந்துவும் அப்பாவும் வந்தார்கள். திறந்தேன். மாவு வைத்த இடத்திலேயே இருந்தது. பழைய நானாக இருந்தால் ஆப்பசோடாவைக் கொட்டியிருப்பேன். கொட்டவில்லை.

"சார், இன்னும் பொங்கலை. காத்திருக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"தெரியலை சார்."

அவர் காலைப் பார்த்தேன். தரையை அழுத்தவில்லை.

அடுப்படியைச் சிந்துவிடம் விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போனோம். வெயில் நகர்ந்தது. முதல் கியரிலேயே கல்யாணம் பண்ணி, குழந்தை பெற்று, இன்னும் இரண்டாம் கியருக்கு வராத ஒரு மாணவரைப் பற்றிச் சொன்னார். கேட்டேன். போனை எடுக்கவில்லை. பசித்தது. மாவைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குள் ஏதோ மெதுவாக நின்றது.

மத்தியானம் சிந்து கூப்பிட்டாள். இட்லி. பஞ்சு. அவர் சாப்பிட்டார். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பொங்கலைன்னதும் கிளம்பிடலாம்னுதான் பார்த்தேன் தம்பி. ஆனா நீ பதறலை. தை பொறக்கட்டும், பெரியவங்கள கூட்டிட்டு வா."

அத்தை, அந்தப் பெரியவர் நீங்கள்தான். மாமாவையும் இஸ்திரி போட்ட சட்டையில் அழைத்து வாருங்கள். உங்கள் ஆசியை வேண்டி வணங்கும்,

கவியரசன்

பி.கு.: கடிதத்தைச் சிந்து படித்தாள். நெடுநேரம் சிரித்தாள். நாங்கள் மாடியில் இருந்தபோது போன் ஆப்பில் பாக்கெட் மாவு வரவழைத்தாளாம். என் மாவை அப்படியே கட்டிலடியில் தள்ளியிருக்கிறாள். "உளுந்து போட்டியா?" என்று கேட்டாள். பையில் இட்லி அரிசி என்றுதானே எழுதியிருந்தது என்றேன். மறுபடி சிரித்தாள். உன் அப்பாவிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"தாலி கட்டுற வரைக்கும் கொஞ்சம் பொறுமையா இருடா."