வேண்டாம் என்று சொன்ன வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு ஆன்ட்டி காபி நீட்டினால், "ஐயோ, பரவாயில்ல ஆன்ட்டி." மறுபடி நீட்டினால், "இப்பதான் குடிச்சேன்." மூன்றாவது முறை நீட்டும்போது, அவர் மனம் நோகக் கூடாதே என்பதுபோல் வாங்கிக்கொள்ள வேண்டும். (காபி ஆறிப் போயிருக்கும். அது வேறு விஷயம்.) ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவே இப்படித்தான். இந்த மரியாதைதான் என் தலையில் மண்ணை வாரிப் போட்டது.

அப்போது தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சண்டை வந்தால் யார் எப்படி நடந்துகொள்வார் என்று கண்டுபிடிக்க மேடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். முட்டி மோதுகிறவர், ஒதுங்கி ஓடுகிறவர், விட்டுக்கொடுக்கிறவர், பாதிக்குப் பாதி பேசுகிறவர், கூடிப் பேசி எல்லோருக்கும் நல்லதாக முடிக்கிறவர் என்று ஐந்து வகை. கடைசி வகைதான் உசத்தி என்பது படித்தாலே தெரிந்தது. நான் எப்படிப்பட்டவன் என்று யோசிக்காமல், எப்படிப்பட்டவனாக இருந்தால் அழகாக இருக்கும் என்று யோசித்து டிக் அடித்தேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதில் அதிக மதிப்பெண். எல்லோரும் கைதட்டினார்கள். (நானும் நம்பிவிட்டேன். அதுதான் கொடுமை.)

அடுத்த வகுப்பில் மேடம் நிஜமாகவே பேரம் பேச வைத்தார். இரண்டு குழு, செமினார் நடத்த வெள்ளி, சனி என்று இரண்டு நாள். குழுவுக்கு ஒருவர் முன்னால் உட்கார்ந்து, யாருக்கு எந்த நாள் என்று பேசிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் மாற்ற முடியாது. குழுவில் ஒருவர் வராவிட்டாலும் எல்லோருக்கும் இன்டர்னல் மார்க் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. மாப்பிள்ளை வீட்டாரோடு தட்டு மாற்றிக்கொள்ள வேண்டியவன் நான்.

எங்கள் குழுவில் ஷர்மிளா என்று ஒருத்தி, ஆட்டோக்காரர்களையே அழ வைப்பவள். "நான் போறேன்டா" என்றாள்.

"நீ முட்டி மோதுற வகை. இதுக்கெல்லாம் பக்குவம் வேணும்" என்று சொல்லிவிட்டு நானே போய் உட்கார்ந்தேன்.

எதிரில் கோவளத்துப் பையன் பெலிக்ஸ். அக்கா, அம்மா, தேவைப்பட்டால் கண்ணீர் என்று நான் வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "மச்சான், எங்களுக்கு எதுன்னாலும் ஓகேதான். வெள்ளிக்கிழமைய நீயே எடுத்துக்கோ."

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் என் வாய் நேராக ஆன்ட்டி வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

"ஐயோ, பரவாயில்ல மச்சான். நீங்க எடுத்துக்கோங்க."

"நெஜமாவா? உங்களுக்குக் கஷ்டம் இல்லியே?"

"சேச்சே, எங்களுக்கு என்ன? சனிக்கிழமையே ஓகே."

மூன்றாவது முறை கேட்பான் என்று காத்திருந்தேன். முகத்தில் ஆன்ட்டிக்குக் காட்டும் அதே புன்னகை. "டேங்க்ஸ் மச்சான்" என்று அவன் கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினான். "பாருங்க, எவ்வளவு பெருந்தன்மை!" என்றார் மேடம். மறுபடியும் கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் வாயைத் திறக்க வெட்கப்பட்டு, நானும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். ஷர்மிளா மட்டும் கைதட்டவில்லை.

வகுப்பு முடிந்ததும் பெலிக்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா மச்சான் நீ! வேணும்னா வேணும்னு சொல்றதுக்கு இன்னா? எங்க ஊரு மீன் ஏலத்துல வேணாம்னா, அடுத்த ஆளாண்ட போயிகினே இருப்பாங்க."

நல்லவன். மாற்றித் தரச் சொல்லி அவனே என்னோடு மேடத்திடம் வந்தான். "கையெழுத்துப் போட்டாச்சு. இதுவும் பாடம்தான்" என்று அவர் முடித்துவிட்டார்.

சனிக்கிழமை நான் டை கட்டிக்கொண்டு, 'பேரத்தில் நமக்கு வேண்டியதைப் பெறுவது எப்படி' என்று செமினார் எடுத்தேன். (தலைப்பு மேடம் கொடுத்தது. கடவுள் கொடுத்தது என்றும் சொல்லலாம்.) பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் எடுத்துப் பார்த்தால் அக்காவின் நிச்சயதார்த்தப் படங்கள். என் இடத்தில் பீர்க்கன்கரணை சித்தப்பா, எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டு தட்டு மாற்றுகிறார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

கல்யாணம் வரை அவள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். அவள் குழந்தைக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் மடி வேண்டுமே. சபையில் குழந்தையை என் முன்னால் நீட்டி, "உன் மடியிலதான்டா உக்காரணும். ஒரு தடவைதான் கேப்பேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

"ஐயோ, பரவாயில்லக்கா..." என்றது என் வாய்.

பக்கத்தில் சித்தப்பா ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடிக்குப் போய்விட்டது. இப்போது அந்தக் குழந்தைக்கு நன்றாகப் பேச்சு வருகிறது. மற்ற மாமாக்களையெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். என்னை மட்டும் 'பரவால்ல மாமா' என்கிறாள்.